விந்துப் பரிசோதனையும் ஆணின் மகப்பேற்றுத் திறனும்

மணம் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தும் குழந்தை பிறவாத இல்லங்களில், மருத்துவரிடம் முதலில் அழைத்துச் செல்லப்படுபவள் பெரும்பாலும் மனைவியே ஆவாள். அவளுடைய இரத்தம் சோதிக்கப்படுகின்றது. கருப்பையும் கருக்குழல்களும் படம் பிடிக்கப்படுகின்றன. சில வேளைகளில் வயிற்றில் சிறு துளையிட்டு உட்புறமும் நோக்கப்படுகின்றது. விரதங்களும் நேர்த்திக் கடன்களும் மற்றொரு புறம் நடைபெறுகின்றன. மலடி என்னும் சொல் ஊர்தோறும் வழங்குகின்றது. மலடன் என்னும் சொல்லோ ஏறக்குறைய அகராதியில் மட்டுமே வாழ்கின்றது.

உண்மை நிலை வேறு. மகப்பேறற்ற தம்பதிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரிடம் குறை கணவனிடம் மட்டுமே காணப்படுகின்றது. மேலும் மூன்றில் ஒரு பங்கினரிடம் இருவரிடமும் காணப்படுகின்றது. ஆக, பாதிக்குக் குறையாத இல்லங்களில் ஆணின் பங்கும் உண்டு. அவனைச் சோதிப்பதற்கோ ஊசியும் வேண்டுவதில்லை, கத்தியும் வேண்டுவதில்லை. விந்துப் பரிசோதனை இத்துறையில் உள்ள சோதனைகள் எல்லாவற்றினும் எளியது, செலவு குறைந்தது. அவ்வாறிருந்தும், மனைவியின் சோதனைகள் யாவும் முடிந்து, ஆண்டுகள் சிலவும் வீணான பின்னரே பல இல்லங்களில் இதற்கு முறை வருகின்றது. பெண்ணின் கருத்தரிக்கும் ஆற்றல் வயதோடு தேய்வதாதலின், இவ்வாறு இழக்கப்படும் காலத்தை மீட்க இயலாது.

சோதனை நடந்த பின்னர் மற்றொரு குழப்பம் எழுகின்றது. அறிக்கைத் தாளில் ஐந்தாறு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இயல்பான அளவு இன்னது என்று அச்சிடப்பட்டிருக்கும். ஓர் எண் சற்றே தாழ்ந்திருந்தால் கணவன் தன்னை ஆண்மையற்றவன் என்றே எண்ணி இடிந்துபோகின்றான். எண்கள் யாவும் உயர்ந்திருந்தாலோ, இனிக் குறையெல்லாம் மனைவியினுடையதே என்று குடும்பத்தார் தீர்ப்பளித்து விடுகின்றனர். இவ்விரு முடிவுகளும் பிழையானவை. அறிக்கைத் தாளில் உள்ள இயல்பு என்னும் சொல்லுக்கு அத்தகைய பொருள் கிடையாது.

விந்தணு உருவாகும் விதம்

விந்தணுவை முதன் முதல் கண்டு அறிவித்த பெருமை ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரின் துணி வணிகர் ஆன்டனி வான் லீவென்ஹூக் என்பவரைச் சாரும். 1677-இல் ஹாம் என்னும் மருத்துவ மாணவர் கொணர்ந்த விந்தினை, அவர் தாமே கடைந்த வில்லையின் வழியே நோக்கியபோது, வாலோடு கூடிய நுண்ணிய உயிர்கள் எண்ணற்றவை நெளிந்து நீந்துவதைக் கண்டார். லண்டன் ராயல் சங்கத்தின் தலைவருக்கு இதனை எழுதுகையில், இச்செய்தி கற்றோருக்கு அருவருப்பைத் தருமாயின் வெளியிட வேண்டுவதில்லை என்றும் குறிப்பிட்டார். அந்தக் கூச்சம் மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்தும் மறைந்தபாடில்லை. விந்தணு முட்டையினுள் புகுந்து அதன் கருவோடு ஒன்றுகின்றது என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்குவதற்கு மேலும் 200 ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1876-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஆஸ்கார் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையில் அதனைக் கண்டு விளக்கினார்.

விந்தும் விந்தணுவும் ஒன்றல்ல. ஒரு முறை வெளிப்படும் நீரில் மிகப் பெரும் பங்கு, சிறுநீர்ப்பையின் பின்னே அமைந்த விந்துப் பைகளில் சுரப்பது. அடுத்த பெரும் பங்கு பிராஸ்டேட் சுரப்பியினுடையது. விரைகளிலிருந்து விந்தணுக்களைத் தாங்கி வரும் திரவமோ நூற்றில் சில பங்கு மட்டுமே. ஆகவே விந்தின் அளவையோ, நிறத்தையோ, அடர்த்தியையோ கண்ணால் நோக்கி அதன் கருவுறுத்தும் திறனை எவராலும் கூற இயலாது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட ஆணின் விந்து முன்போலவே தோன்றுகின்றது; அதில் ஒரு விந்தணுவும் இராது என்பதே வேறுபாடு. அதுபோலவே ஆண்மை எனப்படும் உடலுறவு ஆற்றலும் விந்தணுக்களின் எண்ணிக்கையும் வெவ்வேறானவை. உடல் வலிமையும் இல்லற இன்பமும் குறைவின்றிப் பெற்ற ஒருவருக்கு விந்தணுவே இல்லாதிருத்தல் கூடும்.

விரைகளினுள் நூல் போன்ற நுண்குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றை நீட்டி இணைத்தால் பல நூறு மீட்டர் நீளம் இருக்கும். குழல்களின் சுவரில் உள்ள மூல அணுக்கள் பிரிந்து, குரோமோசோம்களின் எண்ணிக்கை 46-லிருந்து 23 ஆகக் குறைந்து, பின்னர் தலையும் வாலும் பெற்று விந்தணுக்களாக மாறுகின்றன. இவற்றைச் செவிலித் தாய் போன்று ஊட்டி வளர்ப்பவை, 1865-இல் இத்தாலிய விஞ்ஞானி செர்டோலி கண்டறிந்த அணுக்களாகும். குழல்களுக்கு இடையே உள்ள லேடிக் அணுக்கள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இவ்விரு வகை அணுக்களையும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் ஹார்மோன்களால் ஆட்சி புரிகின்றது.

மூல அணு ஒன்று விந்தணுவாக உருப்பெற ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. பின்னர் அது விரையின் பின்புறம் ஒட்டிக் கிடக்கும் எபிடிடைமிஸ் என்னும் குழலில் சில நாட்கள் முதல் இரு வாரம் வரை பயணம் செய்து முதிர்ச்சி அடைகின்றது. விரல் அளவு இடத்தில் மடிந்து கிடக்கும் இக்குழலை நீட்டினால் 6 மீட்டர் வரை வரும். இவ்விரு காலங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 3 மாதம். இன்று வெளிப்படும் விந்து, மூன்று மாதங்களுக்கு முன்னிருந்த உடல் நிலையின் சாட்சி எனலாம். சித்திரையில் கடுங்காய்ச்சல் கண்டவரின் அறிக்கை ஆனியில் தாழ்ந்து, புரட்டாசியில் தானே சீர்ப்படுதல் இதனாலேயே. சிகிச்சை எதனையும் தொடங்கிப் பத்து நாட்களில் மறு சோதனை செய்து பயன் காண முயல்வது பொருளற்றது.

விரைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குவதற்கும் காரணம் உண்டு. விந்தணு உருவாவதற்கு உடலின் உள் வெப்பத்தினும் 2 முதல் 4 டிகிரி குறைந்த வெப்பம் தேவை. குழந்தைப் பருவத்தில் விரை கீழே இறங்காது வயிற்றினுள்ளேயே தங்கிவிடுமாயின் அதன் மூல அணுக்கள் நலிவுறுகின்றன. பிறந்து ஆறு மாதம் வரை தானே இறங்காத விரையை, குழந்தைக்கு ஒன்று ஒன்றரை வயது ஆவதற்குள் அறுவையால் இறக்கி வைத்தல் வேண்டும். பெரியவன் ஆனால் சரியாகிவிடும் என்று காத்திருத்தல் பின்னாளில் மகப்பேற்றைக் கெடுப்பதோடு, புற்றுநோய் தோன்றும் வாய்ப்பையும் மிகுவிக்கின்றது.

சோதனைச்சாலையில் நடைபெறுவது

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் விந்து வெளிப்படாதிருத்தல் வேண்டும். நெடுநாள் அடக்கி வைத்தால் விந்து வலுப்பெறும் என்பது பலருடைய எண்ணம். எண்ணிக்கை சற்று மிகும் என்பது மெய்யே. ஆயின் தேங்கிக் கிடந்த அணுக்களில் உயிரற்றவையும் அசைவற்றவையும் மிகுகின்றன. சோதனைச்சாலையிலேயே, அதற்கென ஒதுக்கிய தனியறையில், அகன்ற வாயுள்ள சுத்தமான கலத்தில் மாதிரியைத் தருவது நலம். இல்லத்தினின்று கொணர்வதாயின் உடலோடு ஒட்டி வைத்து, ஒரு மணிக்குள் சேர்ப்பித்தல் வேண்டும். சாதாரண ஆணுறையில் சேர்த்த மாதிரி பயன்படாது. அதில் தடவியுள்ள பொருள்கள் விந்தணுவைக் கொல்லக்கூடும். முதல் துளிகளிலேயே விந்தணுக்கள் செறிந்திருப்பதால், ஒரு பகுதி சிந்திவிட்டிருப்பின் அதனை மறைக்காது கூறிவிடுதல் முறை.

வெளிப்பட்டவுடன் விந்து கூழ்போல் இறுகுகின்றது. பிராஸ்டேட் சுரப்பியின் நொதிப் பொருள்களால் 15 முதல் 30 நிமிடங்களில் இளகி நீர்மை அடைகின்றது. அதன் பின்னரே சோதனை தொடங்குகின்றது. முதலில் அளவு காணப்படுகின்றது. அடுத்து ஒரு துளி நுண்பெருக்கியின் கீழ் வைக்கப்பட்டு, நேரே முன்னேறுவன எத்தனை, இருந்த இடத்திலேயே துடிப்பன எத்தனை, அசைவற்றன எத்தனை என்று பிரித்து எண்ணப்படுகின்றன. விநாடிக்கு ஒரு மில்லி மீட்டரில் நாற்பதில் ஒரு பங்கேனும் முன்னேறுவன விரைந்து செல்வன எனப்படும். இரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டமிட்ட கண்ணாடித் தட்டிலேயே விந்தணுக்களும் எண்ணப்படுகின்றன. கடைசியாக, சாயமேற்றிய அணுக்களின் தலை, நடு, வால் ஆகியவற்றின் வடிவம் ஆராயப்படுகின்றது.

எண்ணும் வேலை எளிதாகத் தோன்றினும் அதில் ஒரு கணித நுட்பம் உண்டு. நூறு அணுக்களை மட்டும் எண்ணினால், எவரும் பிழை செய்யாதபோதும், பத்து கூடவோ குறையவோ அமைவது வெறும் தற்செயலால் நேரக்கூடியது. 400 எண்ணினால் இத்தற்செயல் வேறுபாடு நூற்றுக்கு ஐந்தாகக் குறைகின்றது. ஆகவேதான் ஒரு மாதிரியிலிருந்து இரு பங்குகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 200-க்குக் குறையாமல் எண்ணுதல் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் கைந்நூல் விதிக்கின்றது. அவசரத்தில் நாற்பது ஐம்பது அணுக்களை எண்ணிக் கோடிக் கணக்கில் விடை எழுதும் சோதனைச்சாலையின் அறிக்கை, தாளின் மதிப்பும் பெறாது. ஒரு சோதனைச்சாலையில் கண்டது மற்றொன்றில் மாறுபடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நோயாளியின் உடல் மாறிவிட்டது என்பதன்று.

உடலும் மாறாமல் இருப்பதில்லை. எந்நோயுமற்ற ஒரே ஆணின் விந்தினை வாரந்தோறும் ஓராண்டுக்கு மேல் சோதித்துப் பார்த்ததில், எண்ணிக்கை பல மடங்கு ஏறியும் இறங்கியும் வந்தது கண்டறியப்பட்டுள்ளது. ஒரு தாழ்ந்த அறிக்கையை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறாமல், இடைவெளி விட்டு மீண்டும் ஒரு முறையேனும் சோதிக்கும்படி மருத்துவர் கூறுவது இதனாலேயே ஆகும்.

எல்லைக் கோடு எங்கிருந்து வந்தது?

1929-இல் அமெரிக்க மருத்துவர்கள் மேகம்பரும் சாண்டர்ஸும் ஒரு மில்லி லிட்டரில் 6 கோடி விந்தணுக்கள் இருத்தல் வேண்டும் என்றனர். 1951-இல் நியூயார்க்கில் மக்லியாடும் கோல்டும், கருவுற்றிருந்த பெண்களின் கணவர் 1,000 பேரையும் மகப்பேறில்லாத மணங்களின் கணவர் 1,000 பேரையும் ஒப்பிட்டு எல்லையை 2 கோடியாகக் குறைத்தனர். உலக சுகாதார ஸ்தாபனம் 1980-இல் தன் முதல் கைந்நூலை வெளியிட்டது. 2 கோடி என்னும் எண்ணே பல பதிப்புகளில் தொடர்ந்தது. 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது ஒன்றரைக் கோடியாயிற்று. 2021-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் 1 கோடியே 60 இலட்சம் என்று உள்ளது. இந்த மாற்றங்களால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. 1 கோடியே 70 இலட்சம் கொண்ட ஒருவர், 2009-இல் குறையுள்ளவராகவும், 2010-இல் குறையற்றவராகவும் கருதப்பட்டிருப்பார். அவர் உடலில் மாறியது ஒன்றுமில்லை.

2010-ஆம் ஆண்டின் எண்கள் பெறப்பட்ட முறை எளிதில் விளங்கக் கூடியதே. முயன்று ஓராண்டிற்குள் மனைவியர் கருவுற்ற ஆண்கள் ஏறத்தாழ 1,950 பேருடைய அறிக்கைகள் பல நாடுகளிலிருந்து திரட்டப்பட்டன. அவர்களைத் தாழ்ந்தவரிலிருந்து உயர்ந்தவர் வரை வரிசையாக நிறுத்தினால், கீழிருந்து நூற்றுக்கு ஐந்தாவது இடத்தில் நிற்பவரின் எண் எதுவோ அதுவே எல்லையாகக் கொள்ளப்பட்டது. 2021-இல் வேறு நாடுகளின் எண்களையும் சேர்த்து ஏறத்தாழ 3,600 பேரைக் கொண்டு அதே முறையில் மீண்டும் கணக்கிட்டனர். இதன்படி, ஒரு முறை வெளிப்படும் விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர். மொத்த அணுக்கள் 3 கோடியே 90 இலட்சம். அசைவுடையன நூற்றுக்கு 42. முன்னேறுவன நூற்றுக்கு 30. உயிருள்ளன நூற்றுக்கு 54. நல்ல வடிவுடையன நூற்றுக்கு 4.

இம்முறையை எண்ணிப் பார்ப்போர் ஒன்றினை உடனே உணர்வர். எல்லைக்குக் கீழே நிற்கும் அந்த ஐந்து பேரும் தந்தையரே! எண்ணிக்கை தாழ்ந்திருந்தும் ஓராண்டிற்குள் அவர்களுடைய மனைவியர் கருவுற்றனர். மலடர்களை ஒரு புறமும் மற்றோரை மறுபுறமும் பிரிக்கும் வேலி எதுவும் இங்கே நாட்டப்படவில்லை. எல்லைக்கு மேலே நிற்பவருக்கு மகப்பேறு உறுதி என்று கூறுவதற்கும் இதில் இடமில்லை. சராசரித் தந்தையின் நிலை இவ்வெல்லைக்கு வெகு தொலைவில் உள்ளது: 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் வரிசையின் நடுவே நின்றவரிடம் மில்லி லிட்டருக்கு 7 கோடியே 30 இலட்சம் அணுக்கள் இருந்தன. எல்லையைத் தொட்டவுடன் மன நிறைவு கொள்வதும், ஒரு புள்ளி தாழ்ந்தவுடன் மனமுடைவதும் ஒருங்கே தவறாகின்றன.

பலரை மிகவும் கலங்கச் செய்வது வடிவம் பற்றிய எண். நூற்றில் நான்கே நல்லவை என்றால் தொண்ணூற்றாறு பழுதாயிற்றே, குழந்தை ஊனமாய்ப் பிறக்குமோ என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. மனித இனத்தில் விந்தணுக்களின் வடிவம் பெரிதும் வேறுபடுவது இயற்கை. சோதிக்கும் அளவுகோலும் மிகக் கடுமையானது. பொலிகாளையிடமோ நூற்றுக்கு எழுபதேனும் நல்ல வடிவம் எதிர்பார்க்கப்படுகின்றது. காளையைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று கூறலாம். இந்நாட்டில் மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் 1939-லேயே மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கப்பட்டது. பொலிகாளையின் விந்தினை நுண்பெருக்கியில் நோக்காமல் இன்று எந்தக் கருவூட்டல் நிலையமும் ஏற்பதில்லை. மாட்டின் காரியத்தில் நாணம் குறுக்கே நிற்பதில்லை.

விந்து அறிக்கையால் யாதொரு பயனும் இல்லை என்று இதனால் முடிவு செய்தல் ஆகாது. 1998-இல் டென்மார்க்கில் முதல் குழந்தைக்கு முயன்ற 430 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்ததில், எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு 4 கோடி வரை உயர உயரக் கருவுறும் வாய்ப்பு மாதந்தோறும் உயர்ந்தது. அதற்கு மேல் உயர்ந்தும் கூடுதல் பயன் காணப்படவில்லை. 2001-இல் அமெரிக்காவில், மகப்பேறுற்றோரையும் உறாதோரையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்று, மில்லி லிட்டருக்கு 1 கோடியே 35 இலட்சத்திற்குக் கீழ் ஒரு பிரிவும், 4 கோடியே 80 இலட்சத்திற்கு மேல் மற்றொரு பிரிவும் வகுத்து, இடைப்பட்ட அகன்ற வெளியில் எதுவும் உறுதி கூற இயலாது என்றது. இரு ஆய்வுகளும் புலப்படுத்துவது, எண்ணிக்கை என்பது வாய்ப்பின் அளவு என்பதாம். எண்ணிக்கை குறைந்த கணவனுக்கும், கருத்தரிக்கும் திறன் மிக்க இளம் மனைவிக்கும் குழந்தை பிறக்கலாம். இருவரிடமும் சிறு குறைகள் சேர்ந்துவிடின் காலம் நீளலாம். அறிக்கையை இருவருடையதாகப் படித்தல் வேண்டும்.

குறைவுக்குரிய காரணங்கள்

மருத்துவரிடம் வரும் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வெரிகோசில் என்பது. விரையினின்று இரத்தத்தைத் திரும்பக் கொண்டு செல்லும் சிரைகள் புடைத்துச் சுருளுவதே இது. இடப்புறச் சிரை, சிறுநீரகச் சிரையில் நேர்கோணமாகச் சென்று கூடுவதால், இடப்பக்கமே பெரும்பாலும் இது தோன்றுகின்றது. ஆண்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவரிடம் இது இருப்பினும், அவர்களுள் பலர் தடையின்றித் தந்தையராகின்றனர். தொட்டு உணரத்தக்க வீக்கமும் தாழ்ந்த அறிக்கையும் ஒருங்கே இருப்போருக்கே அறுவை ஏற்றது.

பருவமடைந்த பின் வரும் பொன்னுக்கு வீங்கி சில வேளைகளில் விரைகளைத் தாக்கி நிலையாகக் கெடுத்து விடுகின்றது. காசநோயும் பால்வினை நோய்களும் எபிடிடைமிஸ் குழலை அடைக்கின்றன. இந்நாட்டிற்கே உரிய ஒரு கண்டுபிடிப்பும் இங்குக் குறிக்கத் தக்கது. பெரியம்மை கண்டு பிழைத்தோரிடம் விந்தணுக் குழல் அடைப்பு ஏற்பட்டிருப்பதை 1973-இல் பம்பாய் மருத்துவர் ஃபட்கேயும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து வெளியிட்டனர். 1975-க்குப் பின் பெரியம்மையே இந்நாட்டை விட்டு அகன்றதால், அடைப்பின் காரணங்களுள் ஒன்று தடுப்பூசியால் தானாகவே ஒழிந்தது.

தொழிலும் இதில் குறுக்கிடுவதுண்டு. 1977-இல் கலிபோர்னியாவில் பூச்சி மருந்து செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர், தம்முள் பேசிக் கொண்டதில் தங்களில் பலருக்குச் சில ஆண்டுகளாகக் குழந்தை பிறக்கவில்லை என்பதை உணர்ந்தனர். சோதித்ததில் பலருக்கு விந்தணு மிகக் குறைந்தோ முற்றும் இல்லாமலோ இருந்தது. மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் மருந்தே காரணம் எனத் தெளிவாகி, அது தடை செய்யப்பட்டது. ஈயமும், விரைகளுக்குத் தொடர்ந்து எட்டும் கடும் வெப்பமும் தீங்கு செய்வன. பீடி, சிகரெட் முதலிய புகையிலைப் பொருள்களும், மிகுந்த மதுவும், உடற்பருமனும் எண்ணிக்கையையும் அசைவையும் ஓரளவு குறைக்கின்றன.

இளைஞரிடையே பரவி வரும் ஒரு கேடு தனியே கூறத்தக்கது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருகும் பொருட்டு டெஸ்டோஸ்டிரோனும் அதனை ஒத்த ஸ்டிராய்டு மருந்துகளும் ஊசி வழியே ஏற்றிக் கொள்ளப்படுகின்றன. ஆண் ஹார்மோன் ஏறினால் ஆண்மையும் மிகும் அன்றோ என்று அவ்விளைஞர் கருதுகின்றனர். இரத்தத்தில் ஹார்மோன் மிகுந்ததைக் கண்ட பிட்யூட்டரி சுரப்பி தன் ஏவலை நிறுத்திக் கொள்கின்றது, விரைகள் உறங்கிவிடுகின்றன, விந்தணு உற்பத்தி நின்றுபோகின்றது. இவ்வூசி ஆண்களுக்குரிய கருத்தடையாகவே ஆராயப்பட்டது! உலக சுகாதார ஸ்தாபனம் 1990-இல் வெளியிட்ட பல நாட்டு ஆய்வில், வாரம் ஓர் ஊசி பெற்ற ஆண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் விந்தணுவே அற்ற நிலையை எய்தினர். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோர் மீள்கின்றனர். ஆயின் மாதங்கள் பல ஆகின்றன.

உலகெங்கும் விந்தணு எண்ணிக்கை குறைந்து வருகின்றது என்னும் செய்தியும் அடிக்கடி காதில் விழுவதே. கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் 1992-இல் 61 ஆய்வுகளைத் தொகுத்து, ஐம்பது ஆண்டுகளில் சராசரி 11 கோடியே 30 இலட்சத்திலிருந்து 6 கோடியே 60 இலட்சமாக வீழ்ந்தது என்றனர். 2022-இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பு, 1973-க்கும் 2018-க்கும் இடையே 10 கோடியே 12 இலட்சத்திலிருந்து 4 கோடியே 90 இலட்சமாகக் குறைந்ததாகக் கூறிற்று. எண்ணும் முறைகள் மாறியதும், சோதனைக்கு முன்வந்த ஆண்கள் வேறுபட்டதும் இதற்குக் காரணமாகலாம் என்று மறுப்போரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை. எவ்வாறாயினும் தனி ஒருவரின் அறிக்கைக்கும் இச்சராசரிகளுக்கும் நேரடித் தொடர்பில்லை.

தாது புஷ்டி விளம்பரங்கள்

விந்து பற்றிய அச்சத்தை முதலாகக் கொண்டு வாணிபம் செய்வோர் இந்நாட்டில் ஏராளம். உடலின் ஏழு தாதுக்களுள் கடைசியானது சுக்கிலம், இரத்தம் பல துளி சேர்ந்தே அது ஒரு துளியாகின்றது, அது வீணானால் உயிரே தேய்கின்றது என்னும் நம்பிக்கை வேரூன்றியுள்ளது. உறக்கத்தில் விந்து வெளிப்படுவதையும், சிறுநீர் வெண்மையாகத் தோன்றுவதையும் நோயென மயங்கி, சோர்வும் உறக்கமின்மையும் உற்று வாடும் இளைஞர் பலர். இந்நிலையை மனநோய் மருத்துவர் என். என். விக் 1960-இல் தாது நோய்க்குறி எனப் பெயரிட்டு விளக்கினார். உடற்கூற்று நூலின்படி விந்து இரத்தத்தின் சாறன்று. ஒரு முறை வெளியேறுவது சில மில்லி லிட்டர் நீரும், சிறிதளவு புரதமும் சர்க்கரையும் உப்புகளுமே. வெளிப்படாதவை உடலிலேயே சிதைந்து உறிஞ்சப்படுகின்றன. விரைகளின் தொழில் நாள்தோறும் தொடர்கின்றது.

பாலுணர்வுத் திறனைப் பெருக்குவதாக விளம்பரம் செய்தலை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம் தடை செய்துள்ளது. எனினும் சுவரொட்டிகளும் லேகியங்களும் குறைந்தபாடில்லை. இம்மருந்துகளின் விலையைக் காட்டிலும், அவற்றை உண்டு கழியும் மாதங்களே தம்பதிகளுக்குப் பெரும் இழப்பு. விந்துக் குழல் அடைபட்டவருக்கு எந்த லேகியமும் அடைப்பை நீக்காது.

விந்தணுவே இல்லாதபோது

அறிக்கையில் விந்தணு ஒன்றும் காணப்படவில்லை எனின், உற்பத்தி இல்லையா, வழி அடைபட்டுள்ளதா என்பதே முதல் வினா. இதனைப் பகுத்தறியும் வழி அழகானது. விந்திலுள்ள சர்க்கரை ஃபிரக்டோஸ் எனப்படும் பழச் சர்க்கரை என்று 1946-இல் கேம்பிரிட்ஜில் தாடியஸ் மான் நிறுவினார். அது விந்துப் பைகளில் சுரப்பது. பிறவியிலேயே விந்துக் குழல்கள் இல்லாதோரிடம் விந்துப் பைகளும் பெரும்பாலும் வளர்ச்சியுறுவதில்லை. ஆகவே அளவு குறைந்து, புளிப்புத் தன்மை மிகுந்து, ஃபிரக்டோஸும் இல்லாத விந்து, விரைகளில் குறையில்லை, வழியிலேயே குறை என்பதைச் சுட்டுகின்றது. மருத்துவர் விரலால் தொட்டுக் குழல்கள் உண்டா என்று பார்ப்பதும் சேர்ந்தால் நோய் பெரும்பாலும் உறுதியாகின்றது.

அளவு இயல்பாக இருந்து, விரைகள் சிறுத்து, இரத்தத்தில் பிட்யூட்டரி ஹார்மோன் மிகுந்திருப்பின், உற்பத்திக் குறை எனக் கொள்ளலாம். அந்த ஹார்மோன் மிகக் குறைந்திருப்பின் குறை விரையில் இல்லை, மூளையின் அடியில் உள்ளது. ஊசி மருந்துகளால் விந்தணு உற்பத்தியைத் தூண்ட இயலும் நோய் இது. பிறவிக் குரோமோசோம் குறைகளுள், ஓர் எக்ஸ் குரோமோசோம் மிகுந்திருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவரிடம் உள்ளது. ஒய் குரோமோசோமின் ஒரு சிறு துண்டு இல்லாதிருத்தலும் உற்பத்தியைத் தடுக்கும். ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆராய்ச்சியாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணுவற்ற இந்திய ஆண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 8 முதல் 9 பேரிடம் இத்துண்டு இல்லை எனக் கண்டனர்.

புற்றுநோய்க்குக் கதிரும் கடு மருந்துகளும் பெறவிருக்கும் இளைஞரின் விந்தினைச் சிகிச்சைக்கு முன்பே உறைய வைத்துச் சேமிக்கலாம். உறைந்த விந்தணுவால் மனிதக் கரு உருவாக்கும் முறை 1953-லேயே வெற்றி பெற்றது. இவ்வாய்ப்பை நோயாளியிடம் எடுத்துக் கூறாமலேயே சிகிச்சை தொடங்கப்படுவது வருந்தத்தக்கது.

1992-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரில் ஒரே விந்தணுவை நுண்ணூசியால் முட்டையினுள் செலுத்திக் கருவாக்கும் முறை வெற்றியுடன் வெளியிடப்பட்டது. அடைப்பு உள்ளோரின் விரையிலிருந்து நேரே எடுத்த அணுவும் இதற்குப் போதும். உற்பத்தி குன்றிய விரைகளிலும் அங்குமிங்கும் சில அணுக்கள் கிடைப்பதுண்டு. இந்நாட்டின் பெருநகரங்களில் இச்சிகிச்சை இன்று கிடைக்கின்றது. செலவு மிகுதி, ஒவ்வொரு முயற்சியும் பலிப்பதுமில்லை. ஒய் குரோமோசோமின் துண்டு இல்லாத தந்தைக்கு இவ்வழியே பிறக்கும் ஆண் குழந்தை அக்குறையையும் சேர்த்தே பெறுகின்றது. ஆகையால் முட்டையும் விந்தணுவும் எடுக்கப்படுவதற்கு முன்னரே அக்குரோமோசோம் சோதிக்கப்பட்டு, முடிவு கணவன் மனைவி இருவரிடமும் ஒருங்கே கூறப்படுகின்றது.